தண்ணீரில் இறக்கக் கூடாது

சாவியை ஜெயசீலனிடம் நீட்டினான் சுப்ரீத்.
அவர் வாங்கி என்னிடம் கொடுத்தார்.
ஒரு நொடியில் புன்னகையைத் திசை திருப்பி
"சீட் பெல்ட், மேடம்" என்றான்.

ஓசூர் ரோடு. சனிக்கிழமை பதினொன்றரை.
பனிமலை ஏறுவதற்கென்று செய்த வண்டி
பொம்மனஹள்ளி சிக்னலில்
தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிற்கிறது.
ஏழு நிமிடம்.
ஏசி காலுக்கு வருகிறது.
பானட்டின் மேட்டுக்கு அப்பால்
முன்னால் நுழைந்த ஆட்டோ எங்கே முடிகிறது என்று
தெரியவில்லை.

மீட்டரில் மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.
அவ்வளவு தூரம் எங்கே போனது என்று கேட்டேன்.
ஷோரூமிலிருந்து யூ-டர்ன்,
யூ-டர்னிலிருந்து ஷோரூம். நாலு கிலோமீட்டர்.
தொள்ளாயிரத்து ஐம்பது தடவைக்கு மேல்
இதே மருந்துக்கடை, இதே மேம்பாலத் தூண்.
பாவம், நந்தி மலையைக்கூடப் பார்த்ததில்லை.

திரையைத் தொட்டால் ப்ளூடூத்தில் பெயர்கள்:
ஜாய்ஸின் போன், கிரீஷ் ரெட்மி, டாக்டர் நஸீமா.
ஆளுக்குப் பத்து நிமிடம்
ஒரு மலையை வைத்திருந்துவிட்டு
திருப்பிக் கொடுத்தவர்கள்.
கடைசியாக உட்கார்ந்தவர் ரொம்ப நெட்டை போல.
அவர் வைத்த கண்ணாடியில் எனக்கு
வானம்தான் தெரிந்தது.

இரண்டாவது ஷோரூம், பச்சை வண்டி.
கியருக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கம்பி.
"இது சேத்துக்கு, மேடம்."
போட்டுப் பார்க்கவா?
"ரோட்டுல போடக் கூடாது."
இங்கே பையனின் பெயர் வேறு, சட்டை வேறு,
சிரிப்பு அதே கம்பெனி.
எண்ணூறு மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று
வழவழத் தாளில் அச்சடித்திருக்கிறார்கள்,
ஆற்றைப் பிளந்து வரும் படத்தோடு.
அகரா பக்கம் சர்வீஸ் ரோட்டில்
நேற்றைய மழை குளமாகக் கிடந்தது.
பிரேக்கில் கால் வைத்துக் கேட்டேன், இறக்கட்டுமா?
"ஐயோ, தண்ணியில இறக்கக் கூடாது, மேடம்.
டெமோ வண்டி."

போன செப்டம்பர், அதிகாலை நாலரைக்கு
பேஸ்மென்டிலிருந்து எங்கள் சிவப்பு வண்டி
ஹார்ன் அடித்தது.
தானாக. தண்ணீருக்கு அடியிலிருந்து.
விடாமல் அடித்தது, அப்புறம் மூக்கடைத்த குரலில்,
அப்புறம் இல்லை.
பால்கனியில் நின்று கேட்டோம், மூன்று பேரும்.
பக்கத்து பிளாக்கில் லடாக் போய்வந்த ஸ்டிக்கரோடு
ஒரு பெரிய வண்டி
மிதந்து வந்து கேட்டில் முட்டிக்கொண்டிருந்தது.

முனிராஜப்பாவின் டிராக்டர் ஒன்பது மணிக்கு வந்தது.
தலைக்கு நூறு, நாய்க்கு ஐம்பது.
பெல்ட் இல்லை, ஏர்பேக் இல்லை,
கூரை முழுக்கத் திறப்பு.
லேப்டாப்பைத் தலைமேல் பிடித்தபடி நின்றார்
ஏதோ கம்பெனியின் வைஸ் பிரசிடெண்ட்.
முனிராஜப்பா ஒரு கையால் ஓட்டினார்;
இன்னொரு கையில் போன்,
அடுத்த அபார்ட்மென்டுக்கு ரேட் பேசிக்கொண்டிருந்தார்.
ஒரு இடத்திலும் வேகத்தைக் குறைக்கவில்லை.
யாரும் டெஸ்ட் டிரைவ் கேட்கவில்லை.

சாயங்காலம் ஜெயசீலன் எக்ஸெல் போட்டார்.
தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே எவ்வளவு,
லிட்டருக்கு எவ்வளவு, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்.
அவர் காபி போட எழுந்த நேரத்தில்
மகிமா கடைசியில் ஒரு வரிசை சேர்த்திருந்தாள்:
டிராக்டர். உயரம், நிறைய.
மைலேஜ், தெரியாது.
காத்திருப்பு, கூப்பிட்டா வரும்.
பார்த்துச் சிரித்தார். அழிக்கவில்லை.

நான் இன்ச் டேப்போடு கீழே போனேன்.
கேட் சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது,
இரண்டு முறை பெயின்ட் அடித்தும்.
குனிந்து தரையிலிருந்து அளந்தேன்.
எண்ணூற்று நாற்பது.
இரண்டு விரல் அதிகம்.

போன் அடித்தது. சுப்ரீத்.
இந்த மாதத்துக்குள் புக் பண்ணினால்
தண்ணீர் புகாத மிதியடி
இலவசமாம்.