கொண்டல் பக்கம்

கடலூர் முதுநகர் சாலையில் பதினொரு மாடி.
கீழே கடைகள், அதன்மேல் இரண்டு தளம் அலுவலகம்,
அதற்கும் மேலே மனிதர்கள் தூங்குவார்கள்.
ஏசி இல்லாமல் தூங்க வேண்டும் என்பது என் பிடிவாதம்;
விளம்பரப் பலகையில் அது ‘பசுமை’ என்று வந்துவிட்டது.

அட்டையில் செய்த மாதிரிக் கட்டடத்தின் அடியில்
ஓர் ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன்.
கீழே குளிர்ந்தது நுழைந்து
நடுமுற்றம் வழியாகச் சூடானது உச்சியில் வெளியேற வேண்டும்.
ஐந்தாம் தளம் வரை புகை ஒழுங்காகப் போயிற்று.
அப்புறம் திரும்பி
7பி-யின் குளியலறை வழியே படுக்கையறைக்குள் நுழைந்து
அங்கேயே உட்கார்ந்துகொண்டது,
அட்வான்ஸ் கொடுத்தவன் மாதிரி.
பிளேடால் ஒரு நூல் அகலம் வெட்டினேன். எழுந்து போனது.

வெளிச்சம் எளிது.
சூரியனுக்கு அட்டவணை இருக்கிறது:
சித்திரையில் உச்சி, மார்கழியில் தெற்கே சாய்வு.
பால்கனிக் கூரையை முக்கால் மீட்டர் நீட்டினால்
வெயில் வெளியே நின்றுவிடும், வெளிச்சம் மட்டும் உள்ளே வரும்.
காற்றை நம்பித்தான் வரைய வேண்டியிருக்கிறது.

தெற்கு முகத்தை முழுக்கத் திறந்து வரைந்திருந்தேன்.
தென்றல்.
எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சொல்;
அதற்கு எதிராக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மனை மூலையில் தள்ளுவண்டி போட்டிருந்த அஞ்சலாட்சி
(நாலாம் எண் கடை அவளுக்கு என்று பேச்சு)
கை துடைத்துவிட்டு வரைபடத்தை வாங்கினாள்.
“இது எந்தப் பக்கம்?”
“தெற்கு.”
“இவ்வளவு சன்னலா?”
“காத்து வரும்.”
“வரும் வரும்” என்றாள் தோசையைத் திருப்பிக்கொண்டே.
“ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து பாருங்க, என்ன வருதுன்னு.”

வந்தேன்.
மூங்கில் கழிகளில் ரிப்பன் கட்டி, டார்ச்சும் நோட்டுமாக,
காவலாளி சிங்காரவேலு தந்த கால் ஆடும் நாற்காலியில்.
பதினொன்றுக்கு ரிப்பன் மேற்கே பறந்தது: கடல், உப்பு.
ஒன்றுக்குத் தொங்கியது.
இரண்டே காலுக்கு எல்லாம் வடக்கு நோக்கித் திரும்பின,
அழகாக, பாடப்புத்தகத்தில் சொன்ன மாதிரியே.
தொழிற்பேட்டைப் பக்கமிருந்து
அழுகிய முட்டையும் நகப்பூச்சும் கலந்த ஒன்று
நாக்கின் அடியில் வந்து படிந்தது.
தென்றல்தான். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவள் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு கொண்டுவந்தாள்.
நாற்றம் வந்த ராத்திரிகளின் நாள்காட்டித் தாள்கள்,
மனுவோடு வைக்க மூன்று வருஷமாகச் சேர்த்தது.
நல்ல நேரமும் ராகு காலமும் அச்சடித்த தாளுக்குப் பின்னால்
1.40. 2.15. மூணு மணி, பாப்பா இருமல்.
நான் காசு கொடுத்து வாங்கிய வானிலைக் கோப்பில்
காற்றுக்கு வேகம் உண்டு, திசை உண்டு,
மூக்கு கிடையாது.

அடித்து வரைந்தேன்.
தெற்கே படிக்கட்டு, லிப்ட்,
சாத்தினால் ரப்பர் பட்டை கவ்விக்கொள்ளும் கதவுகள்.
கிழக்கே தளத்துக்குத் தளம் வாய் பிளந்த இடைவெளி,
கொண்டல் நுழைய.
கடை அடுப்புகளுக்குத் தனிப் புகைக்குழாய்,
யார் வீட்டையும் எட்டிப் பார்க்காமல் உச்சி வரைக்கும்.

திலோக்சந்த் கால்குலேட்டரைத் தட்டினார்.
கடல் பார்த்த வீடுகளில் நான்கு போச்சு.
“காத்தை யாரும்மா பத்திரம் பண்ணிக்கிறாங்க?”
இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன், ஆறிலும் ஒன்பதிலும்.
ஊதுபத்திப் புகை அந்த இடங்களில் இன்னும் கொஞ்சம் தயங்குகிறது.

அஞ்சலாட்சி தூங்கப்போவது இங்கே இல்லை.
இரண்டு தெரு தள்ளி, தெற்கே, ஓட்டு வீடு.
ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே
காற்று தாராளமாக வரும்.
அந்த வீட்டை நான் வரையவில்லை.
நேற்றைய தாள் என் மேசையில் கிடக்கிறது:
2.50.