நான்காம் வாசல்

சீனக்குடாவில் எங்கள் பட்டறைக்கு
ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கருவிகள்.
ஒவ்வொன்றின் விலாவிலும் குழி வெட்டி
புளியங்கொட்டை அளவில் ஒரு சில்லு வைத்து
எபொக்ஸியால் வாய் மூடினோம்.
நேரே இரும்பில் ஒட்டினால் ஊமையாகிவிடும்;
அதனால் அடியில் கறுப்பாய் ஒரு மெத்தை.
மின்கலம் கிடையாது.
வாசல் கேட்டால் மட்டும்
கேட்ட அலையிலிருந்தே மூச்செடுத்துத்
தன் எண்ணைச் சொல்லும்,
மறுபடி அணைந்துவிடும்.

ஆறு வாசல்கள்.
தள்ளுவண்டி உயரத்தில், முழங்காலுக்குக் கீழே,
அன்ரெனாக்களைப் பூட்டச் சொன்னது நான்தான்.
அது பின்னால் வினையாகுமென்று
அப்போது தெரியாது.

0417.
பன்னிரண்டு மில்லிமீற்றர் ரீமர், கார்பைட்,
கப்பலில் வர மூன்று மாதம்.
தட்டில் இல்லை.
திரையைத் திறந்தேன்:
நான்காம் வாசல், வெளியே, 02:17.
நான்காம் வாசல், உள்ளே, 02:31.
அடுத்த இரவும் அப்படியே.
பதினொரு இரவுகள்.

நான்காம் வாசலுக்கு அப்பால் களஞ்சியம் இல்லை.
ஒரு வேலி, அதற்கப்பால் கடல்.

"கோட்டை மான் வந்து கவ்விக்கொண்டு போயிருக்கும்"
என்றான் கிரைண்டிங் பெடியன்.
மெண்டிஸ் சிரிக்கவில்லை.
இரவுமுறைப் பட்டியலை விரித்தார்.
பதினொரு இரவும் நின்ற ஒரே பெயர்
கனகசூரியம், சம்பூர்.

அவருடைய பையைக் கொட்டினார்கள்.
சோற்றுப்பெட்டி, துவாய்,
பாதி தீர்ந்த சித்தாலேபக் குப்பி.
கள்ளன் எதற்கு ஐயா
எடுத்ததை ஒவ்வொரு நாளும் திருப்பிக் கொண்டுவருவான்
என்று நான் கேட்டது
யார் காதிலும் விழவில்லை.

கைக்கருவியை எடுத்து அவரைத் தடவினேன்.
(ஒரு மனிதரை அப்படித் தடவுவது
எனக்குக் கூச்சமாய் இருந்தது.)
தோள், மௌனம்.
இடுப்பு, மௌனம்.
காலடியில் கீச்சிட்டது.

இடது சப்பாத்து.
குதியின் வெட்டுக்குள், கிறீசும் இரும்புத்தூளும் அப்பி,
புளியங்கொட்டை.
கூலன்ற் ஊறி எபொக்ஸி இளகியிருக்கிறது.
ரீமர் கிடந்தது
மூன்றாம் இயந்திரத்துத் தொட்டியடியில்,
பதினொரு நாளாய்ப் பெயரில்லாமல்.

அத்தோடு முடிந்திருக்கலாம்.

மெண்டிஸ் கால்குலேட்டரைத் தட்டினார்:
பதினான்கு நிமிடம், பதினொரு தடவை,
நூற்று ஐம்பத்து நான்கு நிமிடம்.
"அவ்வளவு நேரம் எங்கே போனாய்?"

கனகசூரியம் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார்.
"மகள் டோஹாவில, சேர்.
பதினொன்றே முக்காலுக்குத்தான் அவளுக்கு வேலை முடியும்.
உள்ளுக்க சிக்னல் இல்லை.
வேலியடியில ரெண்டு கோடு வரும்."

"சஹ்னாஸ், அந்தப் பதிவை
இவருடைய பெயருக்கு மாற்றிப் பிரிண்ட் எடு,"
என்றார் மெண்டிஸ்.

ஒரு நிமிட வேலைதான்.
விரல் விசைக்கு மேலேயே நின்றது.
கிண்ணியாப் பாலத்தில்
என் பஸ் நிற்கும் நிமிடங்களை
ஒருநாள் யாராவது கூட்டினால்?

"முடியாது சேர்.
பதிவில் ஆள் இல்லை, கருவிதான் இருக்கிறது.
வெளியே போனது 0417.
வந்ததும் அதுதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு
எந்தப் பட்டியலிலும் எண் இல்லை.

ரீமரைக் கழுவி
புதுக் குழி வெட்டி
அதே எண்ணைக் கொடுத்தேன்.
இந்தமுறை எபொக்ஸி ஒரு முழு நாள் காய்ந்தது.
பழைய வரிகளில் ஒன்றையும் அழிக்கவில்லை.

மாசிமாதம் கொழும்பிலிருந்து தணிக்கைக்கு வந்த பெண்
திரையில் விரலை வைத்து நிறுத்தினாள்:
"இந்த ரீமர் ஏன் பதினொரு இரவு
கடல் பக்கம் போய் வந்திருக்கு?"

காற்று வாங்க, என்றேன்.

அவள் சிரித்துவிட்டுக் குறிப்பெடுத்தாள்.
என்ன குறித்தாள் என்று
இன்றுவரை தெரியாது.