ரசீது

சலவை எந்திரம் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
சுழற்சியின் நடுவில் ஒரு முனகல்,
பிறகு சோப்புத் தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டது.
பழுது பார்க்க வந்தவன்
நான் கேட்கும் கூலிக்குப் புதிதே வாங்கலாம் என்றான்.
அவனிடமே ஸ்பானரைக் கடன் வாங்கி
அதன் வயிற்றைத் திறந்தேன்.

துருவேறாத உருளை.
உடம்பெல்லாம் துளை.
காற்று வர வழி, புகை போக வழி,
சூளைக்கு வேறென்ன வேண்டும்?

ரேஸெக்னெ ஊருக்கு வெளியே
ஏரிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில்
எங்கள் உருளைக்கிழங்குப் பாத்தியின் ஓரம்
நாலு செங்கல், அதன்மேல் உருளை.
கைப்பிடி அளவுக்குப் பிளந்த பிர்ச் விறகு.
பழைய முடி உலர்த்தியைக் கம்பியால் கட்டி
ஊதுலையாக்கியவள் பக்கத்துத் தோட்டத்து ஸினாயிதா.
திட்டுவது ரஷ்யமொழியில், கணக்குப் பார்ப்பது லாத்வியமொழியில்.
'வீடு எரிந்தால் நான் பார்க்கவில்லை' என்றாள்,
இரண்டிலும்.

மாவு, சர்க்கரை, ஈஸ்ட், வெதுவெதுப்பான நீர்.
மூன்று நாளாகக் குளியலறை வாளியில் புளித்து
மூடியைத் தூக்கித் தூக்கி எட்டிப் பார்த்தது.
வீடெல்லாம் குடிகாரன் மூச்சு.

செப்டம்பர் கடைசி.
மழை ஏரிக்கு அக்கரையில் நின்று யோசித்தது.
பதினாலு பாத்திரம் அடுக்கினேன்.
முதலில் தணல் மட்டும்.
மண்ணுக்குள் பதுங்கிய ஈரத்தை மிரட்டக் கூடாது,
வெளியே வா என்று கெஞ்ச வேண்டும்.
கெஞ்ச எனக்கு வராது.
டப்.
ஸினாயிதா ஒரு விரலை மடக்கினாள்.
டப். டப்.
இனி உள்ளே பதினொன்று.

இருட்டியதும்
துளைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.
அப்போதுதான் தொலைபேசியில் ஐகார்ஸ்.
அயர்லாந்தில், காளான் பண்ணையில், சாப்பாட்டு இடைவேளை.
'என்ன அது, சிவப்பாக?'
'உன் சலவை எந்திரம்.'
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவனுடைய மர ஆலைச் சட்டைகளைப்
பன்னிரண்டு வருடம் அலசிய துளைகள் வழியே
நெருப்பு அவனைப் பார்த்தது.
'ரசீது என்னிடம் இருக்கிறது' என்றான்.
'வைத்துவிடு, இடுக்கி பிடிக்க வேண்டும்.'
அவன் வைக்கவில்லை.
தொலைபேசியை விறகுக் குவியலில் சாய்த்தேன்.
வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

கனன்ற கிண்ணத்தை வாளியில் முக்கினேன்.
மாவு அலறியது.
ஒரு மூச்சு, ஒன்றரை, அதற்குமேல் ஆகாது,
உடனே தண்ணீர்.
கரிந்த ரொட்டி வாசனை.
கிண்ணமெங்கும் தவிட்டு நிறத்தில், கறுப்பில்,
யாரும் வரையாத புள்ளிகள், திட்டுகள்.
ஆந்தையின் மார்பு என்றாள் ஸினாயிதா,
எந்த மொழியில் என்று நினைவில்லை.

தேறியது ஒன்பது.
ஒன்று இடுக்கியிலிருந்து நழுவியது.
இன்னொன்றில் நூலிழை விரிசல்.
காலையில் ஈர மண்ணை அப்பிப் பார்த்தேன்,
காய்ந்ததும் பொருக்காக உதிர்ந்தது.
சுட்ட மண்ணோடு பச்சை மண் ஒட்டாது, தெரியும்.
தெரிந்தே இரண்டாம் தடவையும் அப்பினேன்.

சாம்பலை வாரும்போது ஒரு பித்தளைப் பொத்தான்.
உருளையின் மடிப்பில் எப்போதோ சிக்கியது,
கறுத்திருந்தது, உருகவில்லை.
விரிசல் கிண்ணத்தில் சதகுப்பை விதை வைத்திருக்கிறேன்,
அதற்குள் போட்டேன்.

புது எந்திரத்துக்குப் பணம் அனுப்பினான் ஐகார்ஸ்.
துணியை இன்னும் கையால்தான் துவைக்கிறேன்.
நேற்று வந்து இறங்கியது
நாற்பது கிலோ களிமண்.