புறா இருந்த கை

லியபாயாவில் டிராம் பாதை ஒன்றுதான்.
போனாலும் இந்த வழி, வந்தாலும் இந்த வழி.
ஆகையால் ஒரு நாளைக்குப் பதினான்கு முறை
என்னை நான் கடந்துபோகிறேன்.

சர்க்கரை ஆலை இருந்த இடத்துக்கு எதிரே
வெண்கலத்தில் நிற்கிறவள் நான்தான்.
ஏழு வயது. இரட்டைப் பின்னல்.
வலது கை வானத்தில்.
பீடத்தில் இரண்டு மொழிகளில் ‘சமாதானம்’ என்றிருந்தது;
ஒரு மொழியைப் பிற்பாடு உளி வைத்து எடுத்துவிட்டார்கள்.
டிப்போவில் யாருக்கும் தெரியாது.
சொன்னால், ஜித்ரா, உனக்கு ஏது பின்னல் என்பார்கள்.

சிற்பி இமான்ட்ஸ் பள்ளிக்கு வந்து
வரிசையாய் வாயைத் திறக்கச் சொன்னார்.
முன்பல் விழாதவள் வகுப்பில் நான் ஒருத்தி.
மூன்று நாள், அவருடைய கொட்டகையில், முக்காலி மேல்.
புறா கிடைக்கவில்லை.
கையில் ஓர் உருளைக்கிழங்கைக் கொடுத்து
பறக்கப் போகிறது, பார்த்துச் சிரி, என்றார்.
சிரித்தேன்.
அதில் மண் ஒட்டியிருந்தது, ஒரு முளை விட்டிருந்தது.
எங்கள் வீட்டில் அது இரவுச் சாப்பாடு.

இரண்டாம் நாள் மத்தியானம்
எனக்கு ஒண்ணுக்கு முட்டியது.
வகுப்பில் என்றால் கையைத் தூக்குவோம்,
டீச்சர் அனுப்புவார்.
இங்கே கை ஏற்கெனவே மேலே இருந்தது.
வேறு எதைத் தூக்குவது?

ஆஹா, அசையாதே, என்றார் இமான்ட்ஸ்,
இந்த முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

திறப்பு விழாவில் ஒருவர்
‘குழந்தைப் பருவத்தின் ஒளி’ என்று ஆரம்பித்து
முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது.

தொண்ணூற்று மூன்றில்,
எல்லோரும் எதையாவது விற்ற அந்தக் குளிர்காலத்தில்,
புறாவை யாரோ அறுத்து எடைக்குப் போட்டார்கள்.
இரண்டு கிலோ தேறியிருக்கும்.
எனக்குக் கோபம் வரவில்லை.
அதே வாரம் என் கல்யாண மோதிரம்
அரை மூட்டை நிலக்கரியானது.

கை மட்டும் அப்படியே, குழிந்து, மேலே.
பிள்ளைகள் அதைக் காலியாய் விடுவதில்லை.
ஒற்றைக் கையுறை.
கடித்துப்போட்ட ஆப்பிள்.
பனியுருண்டை, மூன்று நாள் கரையாமல்.
ஒரு சிப்ஸ் பாக்கெட் மாதக்கணக்கில் காற்றில் படபடத்தது;
கிழங்கு திரும்பி வந்துவிட்டதென்று
தனியாகச் சிரித்தேன், ஓட்டுநர் இருக்கையில்.
போன கோடையில் ஒரு பயல்
அவள் தோளில் ஏறி
விழுந்த தன் பல்லை உள்ளங்கையில் வைத்தான்.
அவன் தங்கை கீழே நின்று அழுதாள்,
தனக்கு ஒன்றுகூட ஆடவில்லையென்று.

நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகளை
கண்ணாடி வழியே பார்க்கிறவள் நான்.
வெண்கலக்காரி சிரிப்பதுபோல
ஒருவரும் சிரிப்பதில்லை.
மூக்கு வழிகிறது. பையை இழுக்கிறார்கள்.
சண்டை. கொட்டாவி.
எதையோ கணக்குப் போட்டபடி
தரையைப் பார்க்கும் ஒரு முகம்.

நேற்று கடல்காற்று ஊளையிட்ட நேரம்.
நிறுத்தத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே
நொண்டியபடி ஓடிவந்த ஒரு சிறுமி
முடியாமல் நின்றாள்.
கையைத் தூக்கினாள்.
வலது கை.
சிரிக்கவில்லை.

நடுவழியில் நிறுத்துவது விதிக்கு விரோதம்.
கதவு திறந்த நேரம் கேமராவில் இருக்கும்,
கூப்பிட்டுக் கேட்கட்டும்.

ஏறியவள் நன்றி சொல்லவில்லை.
ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள்.
ஒரு சின்னக் கல்.
கடைசி நிறுத்தம் வரை, வளைவுக்கு வளைவு,
அது வண்டிக்குள் உருண்டுகொண்டே வந்தது.