மற்ற தேவைகள்

ஜுபைல் முகாமிலிருந்து புகார்:
இரவு பதினொன்றுக்கு மேல் தானாக அணைந்துவிடுகிறது.

என் மேசையில் பகல் முழுக்க
குழாயும் வால்வுமாய் ஒரு ரிஃபைனரியையே
திரையில் சுழற்றிப் பார்த்தேன்.
அசரவில்லை.
டிரைவரை மாற்றி, பயாஸைப் புதுப்பித்து,
கடைசியில் அடிமூடியைக் கழற்றினேன்.
விசிறி இறக்கையில் மணல் இருக்கும் என்று நினைத்தேன்.
பஞ்சு.

தலையணையில் வைத்தா ஓட்டுறீங்க, இசக்கிராஜ்?

ரூம்ல ஆறு பேர் சார்.
கட்டில்தான் மேசை.
அதுவும் எனக்கு மேல்கட்டில்.

புதியதற்குப் படிவம் நிரப்பினேன்.
ரேம் நூற்றிருபத்தெட்டு,
கிராபிக்ஸ் கார்டு பதினாறு,
கீபோர்டு ஆங்கிலம், போனமுறை அரபி வந்து தொலைத்தது,
வாரண்டி மூன்று வருஷம்.
'மற்ற தேவைகள்' கட்டத்தில்
மடக்கு மேசை ஒன்று, நூற்றைம்பது ரியால்
என்று தட்டிவிட்டேன்.

பத்தொன்பதாயிரத்துக்கு அன்றே கையெழுத்து.
மேசையின் மேல் மட்டும் சிவப்புக் கோடு:
கணினிக் கணக்கில் சேராது.

ஏழு வாரம். அதில் இரண்டு தம்மாம் சுங்கத்தில்.
வந்ததைப் பையில் போட்டுக்கொண்டு
கதவுவரை போன இசக்கிராஜ்
திரும்பி வந்து கேட்டார்:

அந்த அட்டைப்பெட்டி
உங்களுக்கு வேணுமா சார்?