வாளித் தண்ணீர்

கிளாஸ்கோவில் குழாய்த் தண்ணீர் மிருது.
மழை அப்படியே மலையிறங்கி வந்தது போல.
தேநீருக்கு உகந்தது, கெட்டிலில் சுண்ணாம்பு படியாது.
டூகல் ரென்னியின் மீன்களுக்கு மட்டும் ஆகாது.

அவை மலாவி ஏரியின் வம்சம்,
பாறை கரைந்த நீரைக் கேட்பவை.
பர்மிங்ஹாம் பண்ணையொன்றில் பொரிந்தவை,
அந்த ஏரியைக் கண்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

பஸ் பணிமனையிலிருந்து வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
சிவப்பு வாளியை நிரப்புகிறான்.
முன்பெல்லாம் ஓர் இரவு திறந்து வைத்தால் போதும்,
குளோரின் தானாகப் போய்விடும்.
இப்போது கலப்பது குளோரமின்.
காத்திருந்தால் போகிற ரகம் இல்லை.
அது தெரியவந்த வாரத்தில்
பதினோரு மீன்களைச் செய்தித்தாளில் சுற்றினான்.

மருந்து ஆறு சொட்டு.
கேக்குக்கென்று வாங்கி, கேக் ஆகாத சோடா உப்பு ஒரு கரண்டி.
தன் கால் வலிக்கு வைத்திருந்த எப்சம் உப்பு
அரைக் கரண்டி, இன்னும் கொஞ்சம்.
கலக்குவது மரக்கரண்டியால்.
மோராக் எடுத்துப்போக மறந்தது அது ஒன்றுதான்.

சூடு பார்க்க முழங்கையை நனைக்கிறான்,
குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவன் மாதிரி.

தொட்டி மூலையில் மஞ்சள் மீன்.
பதினெட்டு நாளாக ஒன்றும் தின்னவில்லை.
வாய் நிறையக் குஞ்சுகள்.
தாடை மெல்ல அசைகிறது.
அவன் ஊற்றும் நீர்
அந்த வழியாகத்தான் அவற்றைத் தொட வேண்டும்.

ரப்பர் குழாயை நசுக்கிப் பிடித்து
நூலாக விடுகிறான்.
கீழ்வீட்டில் யாரோ கதவை அறைகிறார்கள்.
கண்ணாடி அதிர்கிறது.
அவள் வாயைத் திறக்கவில்லை.

இன்னும் ஒரு வாளி இருக்கிறது.