ஏழாம் நாளில் ஒன்றும் எழுதாதே

டவுன்ஹால் ரோட்டில் எவர்சில்வர் கடைக்கு மேலே
என் அலுவலகம்.
குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் ஓசை
நாள் முழுக்கப் படியேறி வரும்.
எல்லாருக்கும் ஒரே பொட்டலம் நான் கட்டுவதில்லை.
உட்காரவைத்து அளவெடுப்பேன்:
முழங்கால் எப்படி, தூக்கம் எத்தனை மணிக்கு,
பனியைப் பார்த்தால் போதுமா,
தொடவும் வேண்டுமா.

அமலோற்பவம் வந்தது
சித்திரைக் கூட்டம் வடிந்த வாரம்.
பேரணையில் முப்பத்தோரு வருஷம்
காலை ஆறு, மாலை ஆறு
ஆற்று மட்டத்தைப் பதிவேட்டில் ஏற்றி
ஓய்வு பெற்றவர்.
"ஜார்ஜியா" என்றார்,
ஆரப்பாளையத்துக்கு டிக்கெட் கேட்பவரைப் போல.
எதற்கு என்றேன்.
"அங்க ஒரு ஆறு கடலுக்குப் போகுது."

எல்லா ஊரிலும் போகும்தானே அம்மா என்று
வாய் வரை வந்தது. விழுங்கினேன்.
நானும் இந்த ஊர்க்காரி.
வருஷநாட்டில் புறப்படுவது
ராமநாதபுரம் கண்மாயில் கால் மடக்கிப் படுத்துவிடும்.
அதைத் தாண்டிப் போவது
வெள்ள வருஷத்து விருந்தாளி.

"பேரு ரியோனி. நம்ம ஆத்தை விட
எழுபது கிலோமீட்டர்தான் கூட.
பெரிய ஆறெல்லாம் என் பென்ஷனுக்குக் கட்டாது.
இது மலையிலேர்ந்து வாய் வரைக்கும்
பத்து நாள்ல பார்த்து முடிக்கிற நீளம்."

மதுரை, துபாய், திபிலிசி.
நான் நிரல் போட்டேன்,
அவர் சிவப்பு மையில் திருத்தினார்,
தப்புக் கணக்கைப் பிடித்த மேலதிகாரியாக.
கந்தக வெந்நீர்க் குளியல்: அடி.
நகைச் சந்தை: அடி, இரண்டு கோடு.
மலைமேல் பழைய கல்மடம்: இருக்கட்டும்,
படி நாற்பதுக்கு மேல் கூடாது.
மூன்று குரலில் பாடும் இரவுச் சாப்பாடு,
வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய்: சரி, சரி.
திராட்சை ரச நிலவறையை அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஏழாம் நாள் முகத்துவாரம்.
அங்கிருக்கும் வழிகாட்டி மாக்வாலா எழுதினாள்:
அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.
துறைமுகக் கிரேன்கள், சேறு, நாய்கள்,
தூண்டிலோடு ரெண்டு ஆள்.
ஆறு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.
அதற்குப் பதில் ஒரு குகை உண்டு, அருமையான குகை.

வாசித்துக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"சத்தமில்லாமலா?" என்றார்.
பிறகு, "அந்த நாள்ல வேற எதையும் எழுதாத."

வெறும் கட்டத்துக்கு என்ன விலை போடுவது?
கார், ஓட்டுநர், ஒரு மடக்கு நாற்காலி என்று
போட்டேன்.

விசாப் படிவத்தில் பயண நோக்கம்.
சுற்றுலா என்று நான் டிக் அடிக்க,
எட்டிப் பார்த்து
"ஆய்வுன்னு ஒரு கட்டம் இல்லையா" என்றார்.
இல்லை.
"பரவாயில்ல. அவங்களுக்குத் தெரியவேண்டாம்."

கிளம்பும்போது படியில் நின்று திரும்பினார்:
"அங்க அளவுகோல் நட்டிருப்பாங்களா, கேளு."
கேட்டேன்.
இப்படி ஒரு கேள்வி தனக்கு வந்ததே இல்லை என்று
மாக்வாலா மறுநாள் அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் போய்
ஒரு படம் அனுப்பினாள்.
பாசி ஏறிய கல்தூண், உரிந்த எண்கள்,
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
கலங்கல் நீர்.

அமலோற்பவம் என் போனை வாங்கி
இரு விரலால் விரித்தார்.
நிரலைத் திருப்பி
பின்பக்கத்தில் எழுதினார்: 2.4.
தேதி எழுதினார்.
பேனா அடுத்த கட்டத்தில் நின்றது.

"படம் எடுத்தது காலையா, மாலையா?"

கேட்டு எழுதியிருக்கிறேன்.
கீழே யாரோ ஒரு குடத்தைத் தட்டுகிறார்கள்.
அவர் உட்கார்ந்திருக்கிறார்,
பேனா மூடியைப் போடாமல்.